வலி மெட்டுப் போடுவதில்லை

கேள்வி:

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

எனக்கு 26 வயது. ஊர் நாகர்கோவில் பக்கம். ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். அம்மன் கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று சீசனில் வாரத்துக்கு நாலைந்து கச்சேரி இருக்கும். சொந்தமாகவும் மெட்டுப் போட்டு யூடியூபில் ஏற்றியிருக்கிறேன். ஓரளவு பேர் கேட்கிறார்கள்.

ஆறேழு மாதமாக எதிலும் பிடிப்பு இல்லை. மேடையில் விரல் அது பாட்டுக்கு வாசிக்கிறது, மனசு எங்கோ இருக்கிறது. விடியற்காலை மூன்றரை, நான்கு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. கச்சேரி முடிந்ததும் இரண்டு பெக் போட்டால்தான் கண் அசரும் என்று ஆகிவிட்டது. இப்படி இருந்து என்ன ஆகப்போகிறது என்று சில நாள் தோன்றுகிறது.

மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லி அம்மா அழுகிறாள். குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன், "அந்த மாத்திரை போட்டா மண்டை மரத்துப் போகும், அப்புறம் ஒரு மெட்டும் வராது" என்கிறார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. நான் கும்பிடும் மேற்கத்திய இசைக்கலைஞர்கள் கர்ட் கோபேன், ஏமி வைன்ஹவுஸ், அவீச்சி எல்லாருமே வலியில் வெந்தவர்கள்தான். வலி இல்லாவிட்டால் அந்தப் பாட்டுகள் வந்திருக்குமா? அடுத்த வருஷம் எனக்கு 27. "நீயும் 27 கிளப்பில் சேரப் போறியா" என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். அத்தனை பேரும் பணமும் இருந்தும் அவர்களையே காப்பாற்ற முடியவில்லை என்றால், என்னைப் போன்ற ஒருவனுக்குச் சிகிச்சை என்ன செய்துவிடும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன் நான் ஒன்று கேட்க வேண்டும். "இருந்து என்ன ஆகப்போகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா? எப்படி, எப்போது என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறதா? இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்களுக்குக் கேட்டதும் பாதிப் பாரம் இறங்குகிறது. உங்கள் பதில் "ஆம்" என்றால் இந்தப் பக்கத்தை இப்படியே மூடிவிட்டு 14416 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. அம்மாவை எழுப்பிப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் முதல் கேள்வி. வலி இல்லாவிட்டால் அந்தப் பாட்டுகள் வந்திருக்குமா?

ஏமி வைன்ஹவுஸின் வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1983 செப்டம்பரில் பிறந்தவர். முதல் ஆல்பம் 'ஃப்ராங்க்' 2003இல் வந்தது. இரண்டாவது, 'பேக் டு பிளாக்', 2006இல். காதல் முறிந்த துக்கத்தில் பிறந்த பாட்டுகள் அவை என்பது உண்மை. 2008 பிப்ரவரியில் ஒரே இரவில் அவருக்கு 5 கிராமி விருதுகள் கிடைத்தன. மதுவும் போதையும், பருவ வயதிலேயே தொடங்கிய புலிமியா என்னும் உணவுக் கோளாறும் அவரை முழுதாகப் பிடித்துக்கொண்டது அந்தப் புகழின் வருடங்களில்தான். வலிதான் பாட்டைத் தருகிறது என்றால் அப்போது பாட்டு கொட்டியிருக்க வேண்டும் அல்லவா? 2011 ஜூலையில் அவர் இறக்கும்வரை மூன்றாவது ஆல்பம் வரவே இல்லை. ஐந்து வருடங்களுக்குக் கொஞ்சம் குறைவான அந்தக் காலத்தை, அவர் எழுதியிருக்க வேண்டிய பாட்டுகளோடு சேர்த்து, நோய் எடுத்துக்கொண்டது.

துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. காதல் முறிந்த துக்கத்தோடு ஒருவர் உட்கார்ந்து ஒரு வரி எழுதுகிறார், சரியில்லை என்று அடிக்கிறார், வேறு வரி போடுகிறார், மறுநாள் ஸ்டூடியோவுக்கு நேரத்துக்குப் போகிறார், பத்தாவது டேக் வரை பாடுகிறார். இந்த உட்காருதல், அடித்தல், திருத்துதல், திரும்பப் பாடுதல் எல்லாவற்றுக்கும் மூளையில் தெம்பு வேண்டும், ஆசை வேண்டும், எது நன்றாக இருக்கிறது என்று தெரியும் ருசி வேண்டும். டிப்ரஷன் முதலில் தின்பது இந்த மூன்றையும்தான். மேடையில் விரல் வாசிக்க, மனசு எங்கோ இருக்கிறது என்று நீங்கள் எழுதியது அதைத்தான். காய்ச்சலோடு எழுதிய பாட்டு நன்றாக வந்தால் பெருமையைக் காய்ச்சலுக்கா கொடுப்போம்?

பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் கதை இன்னும் தெளிவானது. 1966இல் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தைத் தந்தவர், அதைத் தாண்டும் ஒன்றாக 'ஸ்மைல்' என்ற ஆல்பத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 24 வயது. காதில் குரல்கள் கேட்பது, காரணமில்லாத பயம், போதைப் பழக்கம் எல்லாம் சேர்ந்து அழுத்த, 1967இல் அந்த வேலை நின்றுபோனது. ஸ்கிசோஅஃபெக்டிவ் என்ற மனநோய் அவருக்கு இருந்தது. அதன் பிறகு பல வருடங்கள் படுக்கையிலும் பயத்திலும் கழிந்தன. மருந்து, மனைவியின் துணை, பொறுமையான வாத்தியக்காரர்கள் சுற்றிலும் அமைந்த பிறகு, 2004 பிப்ரவரியில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் அதே 'ஸ்மைல்' முழுமையாக அரங்கேறியது. அவருக்கு வயது 61. இசை முழுவதும் அவருக்குள்தான் இருந்தது. நோய் அதை 37 வருடம் பூட்டி வைத்திருந்தது. வில்சன் 2025இல், 82 வயதில்தான் காலமானார்.

மேற்கத்திய சாஸ்திரிய இசையில் ஷூமன் என்ற ஜெர்மானிய மேதையை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். மனநோய் விடுதியில் 1856இல், 46 வயதில் இறந்தவர். உற்சாகம் பொங்கிய 1840இல் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் எழுதினார். சோர்வு அழுத்திய 1844இல் ஏறக்குறைய ஒன்றும் எழுதவில்லை. ராபர்ட் வைஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1994இல் இந்தப் படைப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எத்தனை முறை இசைத்தட்டாகியிருக்கிறது என்பதை அளவுகோலாக வைத்துத் தரத்தை ஒப்பிட்டார். உற்சாக வருடங்களில் எண்ணிக்கை கூடியிருந்தது. தரம் கூடவில்லை. சோர்வோ எண்ணிக்கையைக் குறைத்தது. வலியின் பக்கம் நின்று வாதாட வருகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, 27 வயதில் இறந்த இசைக்கலைஞர்களைச் சேர்த்துச் சொல்லும் அந்த 27 கிளப். பிரையன் ஜோன்ஸ் 1969, ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின் 1970, ஜிம் மாரிசன் 1971, கோபேன் 1994, ஏமி 2011. எல்லாருக்கும் 27 வயது. பட்டியலைப் பார்த்தால் விதி போலத் தெரியும். 1956 முதல் 2007 வரை பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஆல்பங்களின் இசைக்கலைஞர்கள் 1,046 பேரை எடுத்து ஆராய்ந்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. 27 வயதில் மரணம் கூடுவதற்கு அதில் எந்தத் தடயமும் இல்லை. ஆனால் இருபதுகளிலும் முப்பதுகளிலும் புகழ்பெற்ற இசைக்கலைஞர்கள் இறக்கும் அபாயம், அதே வயது மற்ற மக்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு இருந்தது. ஆக, ஜாதகத்தில் எழுதிய வயது என்று எதுவும் இல்லை. தொழிலில் ஆபத்து இருக்கிறது. தொழில் ஆபத்து என்றால் அதைக் குறைக்க வழியும் இருக்கும். கிண்டல் செய்யும் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள். அந்தக் கிண்டல் வலிக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

அந்த ஆபத்து எங்கிருந்து வருகிறது? இங்கேதான் "அத்தனை பேரும் பணமும் இருந்தும்" என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அவீச்சியைப் பார்ப்போம்.

டிம் பெர்க்லிங் என்பது இயற்பெயர். ஸ்டாக்ஹோமில் 1989இல் பிறந்து, வீட்டு அறையில் கம்ப்யூட்டரில் இசையமைக்கத் தொடங்கிய கூச்ச சுபாவமுள்ள பையன். 2011இல் 'லெவல்ஸ்' பாட்டு, 2013இல் 'வேக் மீ அப்'. உலகம் முழுக்க அவர் பெயர். மேடைப் படபடப்பை அடக்கக் குடிக்கத் தொடங்கினார். 2012 ஜனவரியில், 22 வயதில், கணைய அழற்சியோடு நியூயார்க் மருத்துவமனையில் படுத்தார். 2014இல் பித்தப்பையும் குடல்வாலும் அறுவைசிகிச்சையில் அகற்றப்பட்டன. வலிக்குக் கொடுத்த ஓபியாய்டு மாத்திரைகள் வேறொரு தொல்லையாகச் சேர்ந்தன. சில வருடங்களுக்குள் 800க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். 2017இல் வந்த 'ட்ரூ ஸ்டோரீஸ்' ஆவணப்படத்தில், தன்னால் முடியவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பதையும், அடுத்த நிகழ்ச்சியைப் பற்றிய பேச்சு அதைத் தாண்டி ஓடிக்கொண்டே இருப்பதையும் காணலாம். 2016 மார்ச்சில் மேடையை விடுவதாக அறிவித்தார். அந்த ஆகஸ்டில் இபிசாவில் கடைசி நிகழ்ச்சி. 2018 ஏப்ரல் 20 அன்று மஸ்கட்டில், 28 வயதில் இறந்தார். அப்போதும் ஒரு ஆல்பத்துக்கான பாட்டுகளை உருவாக்கிக்கொண்டுதான் இருந்தார். 'டிம்' என்ற பெயரில் அது அடுத்த வருடம் வந்தது. இசை வற்றி அவர் போகவில்லை.

புகழ் செய்வது இதுதான். ஒருவருடைய உடம்பை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கத் தொடங்குகின்றன. மேனேஜர், பயண ஏற்பாட்டாளர், ஒலி ஒளிக்காரர்கள், ரெக்கார்டு கம்பெனி என்று எல்லாருடைய மாதச் சம்பளமும் அவர் இன்றிரவு மேடை ஏறுவதில் இருக்கிறது. அவர்களில் கெட்டவர்கள் யாரும் இருக்க வேண்டும் என்பதில்லை. "இன்று வேண்டாம், படுத்துத் தூங்கு" என்று சொல்வதில் நஷ்டம் இல்லாத ஆள் ஒருவர்கூட அருகில் இல்லாமல் போவதுதான் ஆபத்து. அதோடு இரவெல்லாம் விழிப்பு, பகல் தூக்கம், ஊர் மாறும்போது கலையும் உடல் கடிகாரம், மேடைக்கு முன்னும் பின்னும் காசில்லாமல் கிடைக்கும் மது. ஆயிரம் பேர் கைதட்டிய அரைமணி நேரத்துக்குள் ஹோட்டல் அறையில் தனிமை.

வட அமெரிக்க, ஐரோப்பிய ராக், பாப் கலைஞர்கள் 1,489 பேரை மார்க் பெல்லிஸ் குழுவினர் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டதில் இரண்டு செய்திகள் உண்டு. தனியாகப் பாடியவர்கள் இளவயதில் இறக்கும் அபாயம், குழுவில் இருந்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. போதையாலோ துணிந்து செய்யும் ஆபத்தான காரியங்களாலோ இறந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குழந்தைப் பருவத்தில் வீட்டு வன்முறை, பெற்றோரின் மனநோய் போன்ற ஏதோ ஒரு காயம் இருந்தது. மற்றக் காரணங்களால் இறந்தவர்களில் அது நான்கில் ஒரு பங்கு. கோபேனையும் இங்கே நினைக்கலாம். சிறுவயதில் பெற்றோர் பிரிந்தது, விடாத வயிற்றுவலி, ஹெராயின் எல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருந்தன. 1991 செப்டம்பரில் அவருடைய 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்து, நான்கு மாதத்துக்குள் அமெரிக்கப் பட்டியலின் உச்சிக்குப் போனபோது, அந்தப் பழைய புண்கள் எதையும் புகழ் ஆற்றவில்லை. ஆற்றுவதற்கு வேண்டிய ஓய்வையும் அமைதியையும் பறித்தது.

உங்கள் தொழிலும் சிறிய அளவில் இதே அமைப்புத்தான். அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, கீபோர்டு இல்லாமல் கச்சேரி இல்லை, விழாக் கமிட்டிக்காரர் அன்போடு ஒரு பாட்டில் கொடுத்தனுப்புகிறார், வேன் அடுத்த ஊருக்குப் போகிறது. உங்கள் குழுவில் "இன்று வேண்டாம்" என்று சொல்லக்கூடியவர் யார்? யோசித்து ஒரு பெயரைக் கண்டுபிடியுங்கள். அம்மா ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் குழுவுக்குள் வேண்டும். அது அந்த டிரம்ஸ் அண்ணனாகவே இருக்கலாம். அவர் உங்கள் மேல் அக்கறை உள்ளவர், மாத்திரையைப் பற்றித் தவறாகக் கேள்விப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

யூடியூபைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்கொரியாவில் பாடகிகள் சல்லி 25 வயதிலும், கூ ஹாரா 28 வயதிலும், 2019 அக்டோபர், நவம்பர் மாதங்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். இருவரும் இணையத்தில் கொடூரமான பின்னூட்டங்களுக்கு ஆளானவர்கள். சல்லி இறந்த அதே மாதம் டாம் என்ற பெரிய இணையதளம் பொழுதுபோக்குச் செய்திகளின் கீழே பின்னூட்டத்தை மூடியது. 2020 மார்ச்சில் நேவர் தளமும் மூடியது. மனம் தெளியும்வரை உங்கள் சேனலிலும் பின்னூட்டங்களை நிறுத்தி வையுங்கள். பாராட்டையும் சேர்த்து இழப்பீர்கள், பரவாயில்லை.

சிகிச்சை என்ன செய்துவிடும் என்று கேட்டீர்கள். 2011 மார்ச்சில் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் இரண்டு பேர் ஒரு பழைய பாட்டைச் சேர்ந்து பாடிப் பதிவு செய்தார்கள். ஒருவர் ஏமி, 27 வயது. மற்றவர் டோனி பென்னட், 84 வயது. ஏமி சிறுவயதிலிருந்து பூஜித்த ஜாஸ் பாடகர். பதற்றத்தில் பாட முடியாமல் தவித்த ஏமியை பென்னட் பொறுமையாக ஆறுதல் சொல்லிப் பாட வைப்பதை, ஆசிஃப் கபாடியாவின் ஆஸ்கர் வென்ற 'ஏமி' ஆவணப்படத்தில் பார்க்கலாம். ஏமியின் கடைசி ஸ்டூடியோப் பதிவு அது.

அந்தப் பதற்றம் பென்னட்டுக்குப் புதிதில்லை. 1979இல் அவரும் இதே விளிம்பில் நின்றவர். வாய்ப்புகள் போய், வரிக்கடனில் வீடு போகும் நிலையில், கொகெய்ன் அளவு மீறி உயிர் பிழைத்ததே பெரிதாக இருந்தது. அப்போது அவர் செய்த ஒரு காரியம், தன் மகன்களுக்கு போன் செய்து உதவி கேட்டது. மூத்த மகன் டேனி வந்து கடனையும் கால்ஷீட்டையும் கையில் எடுத்துக்கொண்டார். பென்னட் போதையை விட்டார். அதற்குப் பிறகு என்ன ஆனது? அவருடைய குரல் மரத்துப் போகவில்லை. 1994இல் எம்.டி.வி. மேடையில் பாடிய ஆல்பத்துக்கு, அந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் என்ற கிராமி கிடைத்தது. அல்சைமர் நோய் வந்த பிறகும், 2021 ஆகஸ்டில், 95ஆம் பிறந்தநாளையொட்டி நியூயார்க்கில் லேடி காகாவோடு மேடையேறினார். 2023 ஜூலையில், 96 வயதில் இறந்தார். உதவி கேட்ட நாளுக்குப் பிறகு அவருக்கு 40 வருடங்களுக்கு மேல் இசை மிச்சம் இருந்தது.

ஏமி சாவைத் தேடிப் போனார் என்று ஒரு கதை கட்டப்பட்டிருக்கிறது. மரண விசாரணையில் வெளிவந்தது வேறு. ஜூலை முதல் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கும் மேல் குடிக்காமல் இருந்தவர், 20ஆம் தேதி வாக்கில் மீண்டும் தொடங்கினார். 23ஆம் தேதி இறந்தபோது ரத்தத்தில் 100 மில்லிக்கு 416 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தது. இங்கிலாந்தில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவு 80தான். கொஞ்ச நாள் நிறுத்தியவருடைய உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பது மருத்துவ உண்மை. முந்தின நாள் மாலை பார்க்கப் போன மருத்துவரிடம், தனக்குச் சாக விருப்பமில்லை என்று ஏமி சொல்லியிருக்கிறார். வாழ விரும்பிய ஒரு பெண்ணை நோய் கொண்டுபோனது. அதில் கும்பிட வேண்டியது அவருடைய குரல் மட்டும்.

அவீச்சி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மேடையை விட்ட பிறகும் அவர் பிழைக்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஓய்வு பாரத்தைக் குறைக்கும். நோய் தானாகப் போய்விடும் என்று அதற்கு அர்த்தமில்லை. அதனால்தான் "கச்சேரியை விட்டுவிடு" என்று மட்டும் சொல்லி உங்களை அனுப்ப நான் விரும்பவில்லை. அவருடைய பெற்றோர் 2019இல் மகன் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கி, இளைஞர்களின் மனநலத்துக்காகவே வேலை செய்கிறார்கள்.

இப்போது மாத்திரை. உங்கள் அறிகுறிகளை, குறிப்பாக விடிவதற்கு வெகுமுன்பே முழிப்பு வருவது, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவற்றைப் பார்த்தால் சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாகத் தெரிகிறது. நேரில் பார்க்கும் மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும். தைராய்டு, ரத்தசோகை போன்றவற்றுக்கும் பரிசோதிப்பார். லேசானதாக இருந்தால் பேச்சு சிகிச்சையே போதும் என்று சொல்லலாம். மாத்திரை தந்தால் அது தூக்க மாத்திரை என்று நினைக்காதீர்கள். முதல் சில நாள் குமட்டல், தலைவலி வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கொஞ்சம், ஆகும். இளவயதில் தொடக்க வாரங்களில் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அம்மாவுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். தெளிந்த பிறகும் சில மாதம் தொடர வேண்டும், நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

அண்ணன் சொன்ன "மரத்துப் போவது" சிலருக்கு வருவதுண்டு. சந்தோஷமும் துக்கமும் இரண்டுமே மங்கினாற்போல இருக்கும். வந்தால் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். அதற்காகத்தான் மருத்துவரிடம் திரும்பத் திரும்பப் போகிறோம். டென்மார்க் மனநல மருத்துவர் மோகன்ஸ் ஷூ, உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய்க்கு லித்தியம் மருந்து எடுத்த 24 கலைஞர்களைக் கேட்டு 1979இல் எழுதியிருக்கிறார். 12 பேர் தங்கள் படைப்பு கூடியது என்றார்கள், 6 பேர் மாற்றமில்லை என்றார்கள், 6 பேர் குறைந்தது என்றார்கள். நான்கில் மூன்று பேருக்கு இழப்பு இல்லை, பாதிப் பேருக்கு லாபம். ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2016இல் வந்த தன்வரலாற்றில், மனச்சோர்வுக்கு மருந்தும் பல வருட ஆலோசனையும் எடுத்துக்கொண்டதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அந்த வருடங்களில் அவர் மேடையை விட்டு இறங்கவில்லை.

மருத்துவரிடம் மூன்று விஷயங்களைச் சொல்ல மறக்காதீர்கள். முதலாவது, நீங்கள் கீபோர்டு வாசிப்பவர் என்பது. லித்தியம் போன்ற சில மருந்துகள் விரலில் நடுக்கம் தரும். தெரிந்தால் அவர் வேறு வழி பார்ப்பார். இரண்டாவது, இதற்கு முன் எப்போதாவது இரண்டு மூன்று மணி நேரத் தூக்கமே போதுமாகி, நாள்கணக்கில் உற்சாகம் பொங்கி, மெட்டு மேல் மெட்டாக வந்து, கையில் இருந்த காசையெல்லாம் செலவழித்த காலம் இருந்ததா என்பது. இருந்தால் அது இருதுருவ நோயாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. மூன்றாவது, குடி. அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். மது கண்ணை அசத்தும், ஆனால் அதன் வேகம் இறங்கும் பின்னிரவில் தூக்கத்தை உடைக்கும். உங்கள் மூன்றரை மணி விழிப்பில் அந்த இரண்டு பெக்குக்கும் பங்கு உண்டு. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால், நிறுத்துவதையும் மருத்துவர் துணையோடு செய்யுங்கள். மதுவோடு தூக்க மாத்திரையைச் சேர்க்கவே கூடாது.

நண்பர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கோபேன் இறந்தபோது, அவரைப் பார்த்து அமெரிக்காவில் சியாட்டில் பகுதி இளைஞர்கள் கூட்டமாக உயிரை விடுவார்கள் என்று எல்லாரும் பயந்தார்கள். டேவிட் ஜோப்ஸ் என்ற உளவியலாளரின் குழு பிறகு ஆராய்ந்தது. தற்கொலை கூடவில்லை. உதவி மையத்துக்கு வந்த போன் அழைப்புகள்தான் கூடியிருந்தன. அவருடைய இசையைக் கொண்டாடிய பத்திரிகைகள் மரணத்தைக் கொண்டாடவில்லை, உதவி எண்ணைச் சேர்த்தே அச்சிட்டன. 2017இல் ராப் பாடகர் லாஜிக், அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு எண்ணையே பாட்டின் தலைப்பாக்கினார். அந்தப் பாட்டு அதிகம் பேசப்பட்ட 34 நாள்களில் அந்த எண்ணுக்கு 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்தன, தற்கொலைகள் எதிர்பார்த்ததைவிட 245 குறைந்தன என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2021இல் கணக்கிட்டது. ஒரு பாட்டு, ஒரு பேச்சு, நண்பர்களின் ஒரு சொல் உயிரை இழுத்துப் பிடிக்கும். கிண்டலை விட்டு அவர்கள் செய்யக்கூடியது அது.

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். இந்த வாரத்தில் கச்சேரி இல்லாத ஒரு காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். வெளிநோயாளிச் சீட்டு போதும், செலவில்லை. நீங்கள் அங்கே சொல்வது ரகசியமாக இருக்க 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. வீட்டில் பூச்சிமருந்தோ மிச்ச மாத்திரைகளோ இருந்தால், உங்கள் கைக்கு எட்டாமல் அம்மா எடுத்து வைக்கட்டும். அடுத்த ஒரு மாதத்துக்குப் பின்னிரவுக் கச்சேரிகளுக்கு வேறொருவரை ஏற்பாடு செய்யச் சொல்லி அண்ணனிடம் கேளுங்கள். கீபோர்டைத் தினமும் பதினைந்து நிமிடம் யாருக்காகவும் இல்லாமல் வாசியுங்கள், பதிவு செய்யாதீர்கள்.

மெட்டு வருமா வராதா என்ற கேள்வியை மூன்று மாதச் சிகிச்சைக்குப் பிறகு, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு காலையில், வாசித்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். அதுவரை அந்தக் கேள்விக்கு நோயைப் பதில் சொல்ல விடாதீர்கள்.